நின்றுகொண்டே பார்த்த கதவு

காகிதம் போலச் சீவிய மரத்தாளைப் பலகையில் ஒட்டுகிற வெனீர் மேசையில் முப்பத்தோரு வருஷம் நின்றவள் நான். அத்தனை வருஷத்தில் நான் வெட்டியதிலேயே சுத்தமான ஜாயின்ட் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: சிதம்பரத்தில் ஒரு டீச்சர் வீட்டுக்குச் செய்த அலமாரிக் கதவு. இரண்டு கதவையும் சாத்தினால், ஒரு கதவின் தாளில் ஓடும் ரேகை மறு கதவின் தாளில் ஒரு நூல்கூடப் பிசகாமல் தொடரும். அந்த ஜாயின்ட்டால்தான் ஒரு பெண் பதினாறு நாள் கழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள்.

புதிதாக மேசைக்கு வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும், "அக்கா, ஏதாச்சும் சொல்லிக் குடுங்க" என்று போன வாரம் கேட்டீர்கள். கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது, ஒரே அழுத்தாக அழுத்தாமல் மூன்று நாலு தடவையாக லேசாக இழுப்பது, இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டால் அது தானாக வந்துவிடும். விரலில் ரத்தம் வராமல் வரும் தப்பு ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எனக்கு ஊர் திருவந்திபுரம் பக்கம். வீட்டில் எல்லோரும் கழனி வேலை. நான் மட்டும் கடலூருக்குப் பஸ் ஏறி, பட்டறையில் வெனீர் தாள்களுக்கு டேப் ஒட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். ஒட்டிக்கொண்டே இருந்து, பிறகு வெட்டுகிறவளாகி, கடைசியில் எந்த மரத்தில் எந்தத் தாள் எங்கே போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறவளானேன். "வளர்மதிக்குத் திமிரு ஜாஸ்தி" என்று பட்டறையில் பேர் இருந்தது. பொய்யில்லை. என் மேசையிலிருந்து போன பொருள் திரும்பி வந்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் நான்.

ஓய்வு பெறுவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் ஒரு சனிக்கிழமை, சிதம்பரத்திலிருந்து ஸ்டெல்லா டீச்சர் பட்டறைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். புருஷன் காலமாகிப் பல வருஷம். ஒரே பெண், ஜெனி. புவனகிரியில் ஒரு ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். மூன்று மாதம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும், பக்கவாட்டில் புரளக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அவ கால்மாட்டுல ஒரு பழைய இரும்பு பீரோ நிக்குதும்மா," என்றார் டீச்சர். "துருப் புடிச்சிக் கெடக்குது. நாள் முழுக்க அதயேதான் பாத்துக்கிட்டு இருக்கா எம்பொண்ணு. அத தூக்கிட்டு அந்த எடத்துல அழகா ஒரு அலமாரி வைக்கணும். கண்ணு முழிச்சா நல்லதா ஒண்ணு தெரியட்டும்."

இதைவிடத் தெளிவாக யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. பார்க்கப் போவது யார், எங்கிருந்து, எப்படிப் படுத்துக்கொண்டு என்று எல்லாவற்றையும் டீச்சர் சொல்லிவிட்டார். நானும் "அய்யோ பாவம்" என்றேன். பரிதாபப்பட்டேனே தவிர யோசிக்கவில்லை. நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம் தொழிலில் இரண்டும் வேறு வேறு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்துச் சீவி எடுத்த தாள்கள் வரிசை கலையாமல் ஒரு கட்டாக நம்மிடம் வரும். அடுத்தடுத்த இரண்டு தாள்களைப் புத்தகம் விரிப்பது போல விரித்து வைத்தால், ஒரு பக்கத்தில் இருக்கும் ரேகை கண்ணாடியில் பார்த்தது மாதிரி மறு பக்கத்திலும் இருக்கும். அதைத்தான் புக் மேட்ச் என்கிறோம். அப்போது பட்டறையில் வால்நட் கட்டு ஒன்று வந்திருந்தது. ரேகை என்றால் அப்படியொரு ரேகை. சுழலும், வளையும், நடுவில் புகைந்தது போல ஓடும். டீச்சர் கையை வைத்து, "இதுவே இருக்கட்டும்" என்றார். நானும் அதைத்தான் அவரிடம் தள்ளிக்கொண்டிருந்தேன், உண்மையைச் சொன்னால்.

உடைந்த டிரெஸ்ஸிங் டேபிளிலிருந்து எடுத்த ஒரு கண்ணாடித் துண்டு என்னிடம் இருந்தது. தாளின் மேல் அதை நிறுத்தி வைத்து நகர்த்திக்கொண்டே போனால், எங்கே வெட்டினால் மேட்ச் எப்படி வரும் என்று வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அரை நாள் நகர்த்தினேன். ஓரிடத்தில் இரண்டு பக்கமும் இரண்டு கருஞ்சுழி, அதற்கு மேலே இரண்டு வளைவு, கீழே நடுவில் ஒரு கோடு விரிந்து போனது. கோபுரம் மாதிரி நிமிர்ந்து வந்தது. இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, இரண்டு ரீப்பர் கட்டைக்கு நடுவில் இறுக்கி, இழைப்புளியால் ஓரத்தைச் சீவினேன். பலகையில் தாளை அழுத்தி ஒட்டும் பிரஸ்ஸிலிருந்து இரண்டு கதவும் வந்தபோது ஆளாளுக்கு வந்து தடவிப் பார்த்தார்கள். முதலாளி போட்டோ எடுத்தார். நான் மேசைக்கு மேலே குனிந்து, நின்றபடி, டியூப்லைட் வெளிச்சத்தில் அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். எனக்கு வேண்டிய இடத்திலிருந்துதான் பார்த்தேன்.

அலமாரியைக் கொண்டுபோய் நிறுத்தியது செல்வம். பொருத்துகிற வேலைக்கு அவனை விட்டால் ஆள் இல்லை. திரும்பி வந்து, "டீச்சர் அழுதுட்டாங்கக்கா, அவ்ளோ சந்தோஷம்" என்று சொன்னான்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் போன் பண்ணினார். குரலே சரியில்லை.

"அலமாரி நல்லாருக்குதும்மா. ஒங்க மேல ஒரு கொறையும் இல்ல. எம்பொண்ணுதான்..." என்று இழுத்தார். பிறகு சொன்னார். அலமாரி வந்த மறுநாளிலிருந்து ஜெனி அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. அதில் ஒரு ஆள் முகம் தெரிகிறது, தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்கிறாள். வேறு யாருக்கும் தெரியவில்லை. டீச்சரே கதவுக்கு எதிரே நின்று போனில் படம் எடுத்துப் பார்த்தார், அதிலும் ஒன்றுமில்லை. சபையிலிருந்து நாலு பேர் வந்து அறையில் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். வலி மாத்திரையால் இப்படி இருக்கலாம் என்று டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். பெட்ஷீட் போட்டு மூடலாம் என்றால், மூடினால் பயம் இன்னும் ஜாஸ்தியாகும் என்று ஜெனியின் சித்தப்பா தடுத்துவிட்டார். உடம்பைத் திருப்ப முடியாத பெண், கழுத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பியே வைத்திருந்து இப்போது கழுத்தும் பிடித்துக்கொண்டுவிட்டது.

"நீங்க ஒரு தடவ வந்து, அது வெறும் மரந்தான்னு அவகிட்ட சொன்னீங்கன்னா கேப்பாளோ என்னமோ," என்றார் டீச்சர்.

எனக்கு வந்தது கோபம்தான். என்னுடைய ஜாயின்ட்டில் முகமா? முதலாளியிடம் சொன்னேன். "போயி நாலு வார்த்த நல்லபடியா பேசிட்டு வா" என்றார். செல்வம் குட்டியானை வண்டியை எடுத்தான். செம்மங்குப்பம் தாண்டும்போது வழக்கமான அந்தக் கெமிக்கல் பேக்டரி வாடை வந்தது. நான் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் என்னவெல்லாம் பேச வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

அறைக்குள் போனதும் முதலில் பார்த்தது ஜெனியின் காதைத்தான். முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. அகலமான கட்டில். ஒரு ஓரமாக அவள், மறு ஓரத்தில் மாத்திரை டப்பாவும் புத்தகங்களும். கால்மாட்டில் நேரெதிரே என் அலமாரி.

"ஜெனி, அலமாரி செஞ்சாங்களே அந்த ஆன்ட்டி வந்துருக்காங்க," என்றார் டீச்சர்.

"வாங்க ஆன்ட்டி," என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். மரியாதையான பெண்.

நான் கதவுக்கு நேராகப் போய் நின்றேன். இந்தப் பக்கம் நின்று பார்த்தேன், அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு மண்ணும் தெரியவில்லை. சுழி இருக்கிறது, வளைவு இருக்கிறது, எல்லாம் நான் வைத்த இடத்தில் இருக்கிறது. ஜாயின்ட்டைத் தடவிக்கொண்டே ஆரம்பித்தேன். புக் மேட்ச் என்றால் என்ன, ரேகை ஏன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், மேகத்தைப் பார்த்தால்கூட ஆடு மாடு தெரிவதில்லையா என்று ஒரு பாட்டம் பேசினேன். பேசப் பேச எனக்கே என் பேச்சு பிடித்துப் போயிற்று.

அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "நீங்க சொல்றது எல்லாம் புரியுது ஆன்ட்டி. ஆனா அது என்னைப் பாக்குது," என்றாள்.

"ஜெனி..." என்றார் டீச்சர்.

"எனக்குப் பைத்தியம் புடிக்கலம்மா. புடிச்சிருச்சோன்னு எனக்கே பயமாத்தான் இருக்குது. ஆனா புடிக்கல."

எனக்குச் சும்மா திரும்பிப் போக மனசில்லை. செல்வம்தான் ஒரு யோசனை சொன்னான்.

"கதவத் தலைகீழாத் திருப்பி மாட்டிடலாமாக்கா? எடது கதவத் திருப்புனா வலதுல உக்காரும், வலது கதவு எடதுல உக்காரும். கீல் ஓட்டை ரெண்டு பக்கமும் ஒரே அளவுலதான் போட்டுருக்குறேன். கைப்பிடியும் நட்ட நடுவுலதான் இருக்குது."

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எதையாவது செய்தது போலவும் இருக்கும், பெண்ணுக்கும் மனசு ஆறும். ஸ்க்ரூவைக் கழற்றி, திருப்பி, மாட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. டீச்சர் எங்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். மாட்டி முடித்ததும் செல்வம், "இப்பப் பாருங்க தங்கச்சி" என்றான்.

ஜெனி கழுத்தை மெல்ல மெல்லத் திருப்பினாள். வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். கதவைப் பார்த்தாள். உடனே ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இப்ப தலைகீழாத் தொங்குது," என்றாள்.

செல்வத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டு வெளியே போனான். டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "போதும் ஜெனி. பெரியவங்க அவ்ளோ தூரத்துலேருந்து வந்துருக்காங்க. நீயும் கொஞ்சம் மனசத் தெடப்படுத்திக்கணும்," என்று அதட்டினார். அதட்டிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து முதலாளி போன் பண்ணினார். நான் கூடத்துக்கு வந்து எடுத்தேன்.

"என்னா வளரு, என்னா சொல்றாங்க?"

சொன்னேன்.

"இத பாரு. அங்க நிக்கிற யாருக்கும் ஒண்ணும் தெரியல. நீயும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுக் கெளம்பு. பாவம், மாத்திர மயக்கம். நாம இதுல என்னா பண்ண முடியும்?"

அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னதுதான் சுலபமான வழியும்கூட. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் படியிறங்கினால் யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் நின்றுகொண்டு யோசித்தேன். டாக்டர் இல்லை என்றுவிட்டார். சபைக்காரர்களும் இல்லை என்றுவிட்டார்கள். பெற்ற தாயும் இல்லை என்கிறார். இந்த மரத்தை வெட்டியவளும் இல்லை என்று சொல்லிவிட்டால், அந்தப் பெண் தன் கண்ணையும் புத்தியையும் இனி எப்படி நம்புவாள்? நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். நிச்சயமாகத் தெரியுமா என்று என்னையே கேட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. தலைகீழாகத் தொங்குகிறது என்றாளே!

மாத்திரை காட்டுகிற முகமாக இருந்தால் நான் கதவைத் திருப்பியதும் அது எதற்குக் கூடவே திரும்ப வேண்டும்? அவள் மனசிலிருந்து வருவதாக இருந்தால் அது அவள் பார்த்த இடத்திலெல்லாம் நேராகத்தானே நிற்கும்? கதவோடு திரும்புகிறது என்றால் அது கதவில் இருக்கிறது. என் மரத்தில்தான் இருக்கிறது. இது புரிய எனக்கு முக்கால் மணி நேரமும் ஒரு காபியும் தேவைப்பட்டது.

"சார், லைன்லயே இருங்க," என்று சொல்லிவிட்டு, போனைக் கையில் பிடித்தபடியே செல்வத்தைக் கூப்பிட்டேன். "பழையபடி திருப்பி மாட்டு."

"அய்ய, என்னாக்கா நீ..."

"மாட்டுடா."

நான் லைனிலேயே இருக்கச் சொன்ன முதலாளி கொஞ்ச நேரத்தில் வைத்துவிட்டார், அது வேறு விஷயம். செல்வம் முணுமுணுத்துக்கொண்டே மாட்டி முடித்தான். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நின்றவள் அப்படியே நின்றேன்.

உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்: டெலிவரி கொடுத்த வீட்டில் நாம் எதிலும் உட்காரக் கூடாது. நாமே செய்த நாற்காலியாக இருந்தாலும் வாசலைத் தாண்டியதும் அது அவர்களுடையது. டீ குடித்தாலும் நின்றபடிதான். அதுவரை எத்தனையோ கட்டில் செய்து அனுப்பியிருக்கிறேன், ஒருத்தர் வீட்டுக் கட்டிலிலும் நான் உட்கார்ந்ததில்லை. அந்தப் பழக்கம் காலைப் பிடித்துக்கொண்டது. புடவையெல்லாம் மரத்தூள் வேறு.

"டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க," என்றேன். "நான் ஒரு நிமிஷம் இங்க படுத்துப் பாக்கணும்."

ஜெனிதான் கையை நீட்டி மாத்திரை டப்பாவையும் புத்தகங்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் எடம் இருக்குது ஆன்ட்டி. படுங்க."

படுத்தேன். தலையணையில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. அவளை அசைத்துவிடக் கூடாது என்று மூச்சைக்கூட மெல்ல விட்டேன். பிறகு கால்மாட்டுப் பக்கம் பார்த்தேன்.

இருந்தது.

இரண்டு கதவும் சேருகிற இடத்தில், கதவைக் கொஞ்சம் திறந்து உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி ஒரு முகம். கருஞ்சுழி இரண்டும் கண்கள். அதற்கு மேலே இருந்த வளைவுகள் புருவங்கள். என்னுடைய அருமையான ஜாயின்ட் நேராக இறங்கி மூக்காகியிருந்தது. கோபுரம் மாதிரி இருக்கிறது என்று நான் பூரித்த அந்தக் கோடு, கீழே விரிந்து, எதையோ சொல்ல வருகிற வாய். ஜன்னல் ஒரு பக்கமாக இருந்ததால் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அதற்கும் காரணம் எனக்குத் தெரியும். புத்தகம் போல விரிக்கும்போது ஒரு தாளின் மேல்முகம் தெரியும், மற்றதன் அடிமுகம் தெரியும். இரண்டும் வெளிச்சத்தை வேறு வேறு விதமாக வாங்கும். நின்று பார்த்தால் பாலிஷில் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். தாழ்வாகப் படுத்துப் பார்த்தால் பளிச்சென்று வரும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷமே எனக்குத் தெரிந்த விஷயம் இது. அந்தப் பெண் பதினாறு நாளாகப் பார்த்ததை நான் ஒரு நிமிஷம் பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கொஞ்சம் மோசமாக வெட்டியிருந்தால் அது முகமாகவே ஆகியிருக்காது. ஒரு நூல் பிசகியிருந்தாலும் கண் ஒன்று மேலே, ஒன்று கீழே போயிருக்கும். அவ்வளவு சுத்தமாக வெட்டி அந்த ஆளை நான்தான் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறேன்.

கையில் இருந்த போன் திரும்ப அடித்தது. படுத்தபடியே எடுத்தேன்.

"என்னா, கெளம்பியாச்சா?"

"சார், இருக்குது," என்றேன்.

"என்னா இருக்குது?"

"முகம் இருக்குது சார். அந்தப் பொண்ணு சொல்றது நெசம். அவ கண்ணும் நல்லாருக்குது, அவ புத்தியும் நல்லாருக்குது. நான்தான் தப்பா வெட்டி வச்சிருக்கேன்."

முதலாளி என்ன பதில் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஜெனி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். போன் தலையணையில் விழுந்தது. அவள் சத்தம் போட்டு அழவில்லை. கண்ணோரத்திலிருந்து காதுக்குள் தண்ணீர் ஓடியது. மல்லாந்து படுத்திருப்பவர்கள் அழுதால் கண்ணீர் அங்கேதான் போகும் என்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஆன்ட்டி, நெசமாவே தெரியுதா? எனக்காகச் சொல்லலியே?"

"வெளிச்சம் படுற எடது கண்ணு கொஞ்சம் பெருசாத் தெரியுது. வாய் இருட்டு விழுற வலது பக்கம் கோணின மாதிரி இருக்குது. சரியா?"

"சரி," என்றாள். "ரொம்பச் சரி." அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் எழுந்து டீச்சருக்கு இடம் விட்டேன். "நீங்க படுங்க டீச்சர்."

"நானா?" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு மகள் பக்கத்தில் படுத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். பிறகு எங்களிடம் இல்லாமல், கூரையைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

"பதினாறு நாளா எம்புள்ள சொல்லிக்கிட்டே இருக்கா. கஞ்சி குடுத்தேன், தொடச்சி விட்டேன், தல வாரி விட்டேன். பக்கத்துல பாய் போட்டுக் கீழயே கெடந்தேன். ஒரு நாளு இந்த எடத்துல படுத்துப் பாக்கணும்னு தோணலியே எனக்கு."

"பரவால்லம்மா," என்றாள் ஜெனி. "வுடும்மா."

டீச்சர் விடவில்லை. மகள் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நானும் செல்வமும் கதவுகளைக் கழற்றத் தொடங்கினோம். சிரித்துக்கொண்டு வெளியே போன செல்வம் இப்போது தலை நிமிரவே இல்லை. அன்றைக்கே கதவுகளைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

முதலாளி முதலில் கத்தினார். "வெனீர்ல முகம் தெரியுதுன்னு நீயே ஒத்துக்கிட்டு வருவியா? நாளைக்கு ஊரெல்லாம் ஒவ்வொருத்தனும் ஒரு முகத்தக் கண்டுபுடிச்சிக்கிட்டு வருவான்." இரண்டு கதவையும் சுவரில் சேர்த்து நிறுத்தி, எதிரே தரையில் ஒரு சாக்கை விரித்தேன். "படுத்துப் பாருங்க சார்" என்றேன். அவருடைய வயிற்றுக்குப் படுக்க முடியாது. முட்டி போட்டு, ஒரு கையை ஊன்றி, முடிந்த மட்டும் தலையைத் தாழ்த்திப் பார்த்தார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டே, "வேற போட்டுக் குடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது தடவை தாள் தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த வால்நட் கட்டில் மிச்சம் இருந்த தாள்களைத் தொடவே இல்லை. தேக்கில் நேர் ரேகை உள்ள கட்டு ஒன்றை எடுத்தேன். சுழி கிடையாது, வளைவு கிடையாது, நம் ஆட்கள் சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்குகிற கட்டு. விரிக்காமல், எல்லாத் தாளும் மேல்முகம் காட்டுகிற மாதிரி வரிசையாக அடுக்கினேன். ஓரம் சீவி, டேப் போட்டு, ஒட்டுவதற்கு முன்பே பலகையில் பொருத்தி நிறுத்திவைத்துவிட்டுச் சாக்கில் படுத்தேன். ஜன்னல் இருந்த பக்கமாக ஒரு லைட்டை வைக்கச் சொன்னேன். காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன், லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தேன். "அக்கா ரிட்டையர்மென்ட்டுக்கு இப்பவே பழகுறாங்க" என்று பட்டறையே கேலி பண்ணியது. பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு தாளில் ஒரு சின்ன முடிச்சு இருந்தது, தனியாக ஒரு கண் மாதிரி. அதை எடுத்துவிட்டு வேறு தாள் வைத்தேன்.

நீங்கள் எல்லாம் என்னைவிடப் படித்தவர்கள். கம்ப்யூட்டரிலேயே மேட்ச் எப்படி வரும் என்று போட்டுப் பார்க்கிறீர்கள். நல்லதுதான், என் கண்ணாடித் துண்டைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்தத் திரையையும் நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறீர்கள். தொட்டில் என்றால் குழந்தை கீழேயிருந்து மேலே பார்க்கும். சாப்பாட்டு மேசை என்றால் உட்கார்ந்திருப்பவர் குனிந்து பார்ப்பார். யாராவது ஒருத்தர், எல்லோரும் சிரிக்கிற மாதிரி ஒரு குறையைச் சொன்னால், இல்லை என்று சொல்லுவதற்கு முன்னால் அவர் இருக்கிற இடத்துக்குப் போங்கள். அங்கேயும் இல்லை என்றால் அப்புறம் தாராளமாக இல்லை என்று சொல்லுங்கள்.

புதுக் கதவுகளை மாட்டப் போன அன்றைக்கு டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தார். நாங்கள் வேலையை முடிக்கும்வரை ஜெனி கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். யாரும் மூடச் சொல்லவில்லை, அவளாகத்தான் மூடியிருந்தாள். கடைசி ஸ்க்ரூ இறங்கியதும் நான் கட்டிலைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் கேட்பதற்கு முன்பே டீச்சர் போய் மகள் பக்கத்தில் படுத்துவிட்டிருந்தார்.

"தொறடி," என்றார்.

ஜெனி கண்ணைத் திறந்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். நடுவில் கதவுகள் சேருகிற இடத்தில் கண் நின்றது, அங்கேயே வெகு நேரம் இருந்தது. செல்வம் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

"என்னா தெரியுது?" என்று டீச்சர் கேட்டார்.

"மரம்," என்றாள் ஜெனி.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா. மரந்தான்."

டீச்சரும் ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "ஆமா, மரந்தான்," என்றார். நாங்கள் சாமான்களை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தோம். ஏதாவது குறை இருக்கிறதா என்று கடைசியாகக் கேட்கலாம் என்று நான் திரும்பியபோது டீச்சர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். ஜெனி கழுத்தை நேராக வைத்து, அலமாரியைப் பார்த்தபடியே தூங்கிப் போயிருந்தாள்.